ஏற மட்டுமே தெரிந்த பட்டன்

என் காரை நான் மூன்றாவது கையாக வாங்கினேன். முதல் இரண்டு கைகளும் அதை அனுப்பிவைத்த அன்று சந்தோஷமாக டாட்டா காட்டியிருக்கும் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. வாங்கும்போது நான் மயங்கியது அதன் ஏ.சி.யில். மற்ற கார்களில் இருப்பதுபோல் திருகுகிற குமிழ் கிடையாது, எல்லாமே பட்டன். நடுவில் ஒரு சின்னத் திரை, அதில் பச்சையாக ஓர் எண். மேல் அம்பை அழுத்தினால் எண்ணும் சூடும் ஏறும், கீழ் அம்பை அழுத்தினால் இரண்டும் இறங்கும். ‘எல்லாம் தானா நடக்கும் சார்’ என்றார் விற்ற தரகர். அவர் பொய் சொல்லவில்லை. இந்தச் சித்திரையில் ஒருநாள் எல்லாம் தானாகவே நடக்க ஆரம்பித்தது.

திருவள்ளூரில் எங்கள் தெருவை விட்டுக் கிளம்பும்போது இருபத்துநாலு என்று காட்டிக்கொண்டிருந்த எண், யாரும் தொடாமலே இருபத்தாறு ஆனது. இருபத்தெட்டு ஆனது. நான் கீழ் அம்பை அழுத்தினேன். அது என்னை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் மேலே போய்க்கொண்டிருந்தது. கடைசியில் எண்ணே மறைந்து, திரையில் இரண்டு ஆங்கில எழுத்துகள் தோன்றின. ‘ஹாய்.’ கார் என்னிடம் நலம் விசாரிக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். இதற்கு மேல் சூடேற்ற முடியாது என்ற நிலைக்குக் கார் கம்பெனிக்காரன் வைத்திருந்த பெயர் அது. அடுத்த நிமிடம் முகத்துக்கு நேரே உள்ள துவாரங்களிலிருந்து இட்லிப் பானையைத் திறந்தாற்போல ஒரு காற்று வந்தது.

முன் சீட்டில் உட்கார்ந்திருந்த என் மாமனார் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

“மாப்பிள்ளை, நான் வெந்துட்டேனா, இல்லே இன்னும் ரெண்டு கொதி வரணுமா?”

“இன்னும் கொஞ்சம் பொறுங்கோ மாமா, பாதி வெந்தாப்ல இறக்கினா ருசி இருக்காது” என்றேன்.

நாங்கள் இப்படித்தான் பேசிக்கொள்வோம். அவர் பெண்ணைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து எங்களுக்குள் வேறு பாஷை கிடையாது.

மாமனாரின் குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஊர்க் கோயிலில் கைங்கர்யம் செய்த குடும்பம். அவர் பங்கு, பெருமாளுக்குச் சந்தனம் அரைத்துச் சேர்ப்பது. அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் ஒன்றைப் பார்த்து ஒன்று வேலைநிறுத்தம் செய்துவிட்டதால், வாரத்துக்கு மூன்று நாள் ஆவடிப் பக்கம் போய் டயாலிசிஸ் மிஷினில் படுக்க வேண்டும். கையில் ஊசி குத்தி, ரத்தம் கசிகிற கட்டோடு சன்னிதிப் பக்கம் போவது ஆகாது என்று அவரே கோயில் வேலையை விட்டுவிட்டார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை. அவர் உட்கார்ந்து அரைத்த கல்லுக்கு எதிரே அடுத்த வாரமே வேறொருவர் உட்கார்ந்திருந்தார்.

அரைத்துப் பழகிய கை சும்மா இருக்குமா? வீட்டிலேயே ஒரு சின்னக் கல்லைப் போட்டுக்கொண்டு, பெருமாளுக்குச் செய்ததையெல்லாம் எங்கள் மின்சாரச் சாமான்களுக்குச் செய்ய ஆரம்பித்தார். உண்மையில் அது முன்பே இருந்த பழக்கம்தான், இப்போது முழுநேர உத்தியோகம் ஆகிவிட்டது. ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைப்பது எல்லா வீட்டிலும் உண்டு. எங்கள் வீட்டில் வருஷப் பிறப்பு, கிரகணம் விட்ட பிறகு, கார் துக்க வீட்டுக்குப் போய் வந்தால், கார் புகை பரிசோதனைக்குப் போய் வந்தால், எல்லாவற்றுக்கும் உண்டு. அதுவும் ஏதோ ஓர் இடத்தில் ஒரு பொட்டு என்று விடமாட்டார். சுவிட்சு ஒவ்வொன்றும் தனித்தனி ஆயுதம், ஒன்றுக்கு வைத்து இன்னொன்றை விட்டால் விட்டது கோபித்துக்கொள்ளும் என்பது அவர் சித்தாந்தம். மிக்சியின் குமிழ், ஃபேன் ரெகுலேட்டர், டிவி ரிமோட்டின் அத்தனை பட்டன்கள், காரில் ஹாரன் தொடங்கி ஏ.சி. பட்டன் வரைக்கும், மோதிர விரலால் தொட்டுத் தொட்டு நன்றாக அழுத்தி வைப்பார். எங்கள் வீட்டு டிவியில் சத்தம் ஏறும், இறங்காது. கம்பெனி சரியில்லை என்று நாங்கள் டிவிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

சூடு அவரை ஏன் அவ்வளவு வதைத்தது என்பதைச் சொல்ல வேண்டும். சிறுநீர் பிரியாத உடம்பில், குடிக்கிற தண்ணீர் எல்லாம் உள்ளேயே தங்கும். நெஞ்சில் தங்கினால் மூச்சு முட்டும். ஆகவே டாக்டர் ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில் தண்ணீர்தான் என்று சொல்லியிருந்தார். காப்பி, ரசம், மாத்திரைக்கு விழுங்குவது எல்லாம் அதற்குள் அடக்கம். நானோ காக்களூர் தொழிற்பேட்டையில் தண்ணீர் பாட்டிலுக்கு மூடி செய்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். இதைவிட அவருக்கு என்ன வேண்டும்?

“ஊருக்கெல்லாம் மூடி பண்றவர் நம்ம மாப்பிள்ளை. எனக்குப் பண்ணினது மட்டும் திறக்கவே மாட்டேங்கறது” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

தாகம் எடுத்தால் உறிஞ்சிக்கொள்ள என் மனைவி ஒரு குட்டி ஃபிளாஸ்கில் இரண்டு ஐஸ் கட்டி போட்டுத் தருவாள். ஃபிளாஸ்க் பழசு, எங்கள் வீட்டில் எது புதுசு? ஏ.சி. ஓடியவரை ஐஸ் ஆவடி வரைக்கும் தாங்கியது. இந்தச் சித்திரையில் செவ்வாப்பேட்டை வருவதற்குள் வெந்நீராகி, அன்றைய தண்ணீர் அளவில் ஒரு வாய் குறைத்துக்கொண்டு, தாகத்தையும் தீர்க்காமல் போயிற்று.

வாடகை கார் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். ஒருமுறை வைத்தோம். திரும்பி வரும்போது பின்சீட்டுக்கு அடியில் யாரோ தின்றுபோட்ட கோழி எலும்பு இவர் காலில் பட்டுவிட்டது. வீட்டுக்கு வந்ததும் நேராகக் கிணற்றடிக்குப் போய், ஊசிக்கட்டோடு தலையில் நாலு வாளி கொட்டிக்கொண்டார். கட்டு ஊறி, கை வீங்கி, சீழ் வைத்து, அந்தக் கையே போய்விடும் என்று டாக்டர் கத்தின கத்தலில் ஆஸ்பத்திரிக் கண்ணாடி அதிர்ந்தது. அதற்குப் பிறகு வாடகை கார் பேச்சு எடுப்பதில்லை. ஆக, அவருக்கு என் காரை விட்டால் கதி இல்லை. என் காருக்கு அந்த மேல் அம்பை விட்டால் வேறு சிந்தனை இல்லை.

நான் சும்மா இருக்கவில்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கம்ப்யூட்டருக்குச் செய்வதுபோல பாட்டரி வயரைக் கழற்றி மாட்டினேன். கார் கடிகாரம் நள்ளிரவுக்குப் போனது, ரேடியோ தெலுங்கு நிலையத்துக்குப் போனது, சூடு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஃபியூஸ் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்ததில் வைப்பர் நின்றது. செல்போனில் ஒருவர் வீடியோவில் சொன்னபடி ஏ.சி. பட்டனின் விளிம்பில் பல் குத்தும் குச்சியை விட்டு நெம்பினேன். குச்சி உள்ளே முறிந்தது. அதை எடுக்க ஊக்கை விட்டேன். ஏ.சி. பட்டன் ‘டக்’ என்று உள்ளே விழுந்து, குலுக்கினால் உண்டியல்போலச் சத்தம் போட்டது. இப்போது ஏ.சி. போட வேண்டுமென்றால் அந்த ஓட்டையில் தீக்குச்சியை விட்டு அழுத்த வேண்டும். அப்படியும் விளக்கும் எரியவில்லை, குளிரும் வரவில்லை.

“தீக்குச்சியாலே குளிரப் பண்றவர் உலகத்துலேயே எங்க மாப்பிள்ளை ஒருத்தர்தான்” என்றார் மாமனார்.

கடைசியில் காற்று வருவதையே மொத்தமாக அணைத்துவிட்டு, ஜன்னல்களை இறக்கிவிட்டு ஓட்டினோம். வினையே அங்கேதான் வந்தது.

கோடைக்காலம். கட்சிக்காரர்கள் வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல் வைத்திருந்தார்கள். தென்னங்கீற்று, தலைவர்கள் படம், மண்பானை, நீலப் பிளாஸ்டிக் டிரம், வெட்டிவைத்த தர்பூசணி. செவ்வாப்பேட்டை தாண்டி ஒரு பந்தலுக்கு நேராக லாரி ஒன்று குறுக்கே திரும்பிக்கொண்டிருந்ததால் நின்றோம். கட்சித் துண்டு போட்ட ஒருவர், திறந்த ஜன்னலில் வெந்துபோன ஒரு கிழவர் முகத்தைப் பார்த்தார். தொண்டர் உள்ளம் உருகிவிட்டது.

“பெர்சு, ரொம்ப வாடிக் கீறியே! இந்தா, ஜில்லுனு மோரு.”

நான் “வேணாங்க, அவருக்கு ஆகாது” என்று சொல்லி முடிப்பதற்குள் டம்ளர் காலி. கண்ட இடத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத மனுஷன், யார் கடைந்தது, யார் கலக்கியது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“இன்னொண்ணு குடுப்பா.”

“அப்பா!” என்று பின்சீட்டிலிருந்து மனைவி கத்தினாள்.

“எத்தினி வேணும்னாலும் குடி பெர்சு. எங்க வட்டம் குடுக்குது, நீ இன்னாத்துக்கு பயப்படுறே?” என்று அந்தத் தொண்டர் மூன்றாவதையும் கொடுத்தார். லாரி திரும்பி முடிக்கவில்லை. இரண்டு பக்கமும் வண்டி, நகர முடியாது. பொறுமையாக, அண்ணாந்து, தொண்டை எலும்பு ஏறி இறங்க, மாமனார் மூன்று டம்ளர் மோரும் குடித்தார். அந்த முகத்தில் இருந்த சுகத்தை நான் அவர் பெண்ணின் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை.

டயாலிசிஸ் சென்டரில் முதல் வேலை எடை போடுவது. எடையைப் பார்த்த நர்ஸம்மா, என் மாமனாரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

“இன்னா சார் குடுத்தீங்க இவருக்கு? ஏரித் தண்ணியா? இவ்ளோ நீரு இழுக்கணும்னா காலு இழுத்துக்கும், அப்புறம் எங்களைக் கேக்காதீங்க.”

அவர் சொன்னபடியே நடந்தது. கொடுத்த மோரை மிஷின் திரும்பக் கேட்டது, வட்டியோடு கேட்டது. பாதியிலேயே இரண்டு கெண்டைக்காலும் கல்லாக முறுக்கிக்கொண்டன. ஒரு காலை நானும் இன்னொன்றை என் மனைவியும் பிடித்து அமுக்கினோம். என்னிடம் இத்தனை வருஷமாக ஒரு வசவில்கூடத் தோற்காதவர், ‘பெருமாளே பெருமாளே’ என்று ஒரு குழந்தையின் குரலில் கூப்பிட்டார். பக்கத்துப் படுக்கைக்காரர் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். அடங்கிய பிறகு, வெளுத்த உதட்டோடு மாமனார் சொன்னது இது.

“மோர் நன்னாத்தான் இருந்தது. பெருங்காயம் மட்டும் கொஞ்சம் தூக்கல்.”

இனி ஒரு நாள்கூட ஜன்னலைத் திறந்துகொண்டு அவரை அந்தப் பந்தல்கள் வழியாகக் கொண்டுபோக முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஜன்னலை மூட வேண்டுமானால் ஏ.சி. வேண்டும். மறுநாள் காலை காக்களூரில் எங்கள் கம்பெனிக்கு அடுத்த தெருவில் இருக்கும் கார் எலக்ட்ரீஷியனிடம் போனேன். அவர் ஏ.சி. மிஷினுக்கு நேராக ஒரு வயரைப் பிடித்துக் கொடுத்ததும் குழாய் வேர்த்து, ஜில்லென்று காற்று வந்தது.

“மிஷினு சூப்பரா கீது சார். கேஸும் கீது. பட்டன் போர்டுதான் பேஜாரு. மேல் பட்டன் அமுந்தே கீது, அதான் யாரோ அமுக்கிக்கினே கீறாங்கன்னு நெனச்சு வண்டி சூடேத்துது. இந்த ஓட்டை எப்படி சார் வந்துச்சு?”

“எலி” என்றேன்.

“எலி தீக்குச்சிலாம் வெச்சினு கீது” என்று அவர் ஓட்டைக்குள்ளிருந்து ஒன்றை உருவிக் காட்டினார்.

அந்த மாடலுக்குப் புது போர்டு வருவது நின்றுபோய் வெகுகாலம் ஆகிவிட்டதாம். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலைகளுக்குப் போவதற்கு முன் பழைய கார்களை வெட்டுகிற யார்டுகள் இருக்கின்றன, அதே மாடல் ஒன்று வெட்டுக்கு வந்திருந்தால் என் அதிர்ஷ்டம் என்றார். இழவு வீட்டில் பெண் தேடப் போகிறவன் மாதிரி கிளம்பினேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் அந்த யார்டு. ஆலைப் புகைக்கு அடியில், கதவில்லாத, கண்ணில்லாத கார்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. யார்டுக்காரர் ஒரு காரிலிருந்து பிடுங்கிய சீட்டைப் போட்டு உட்கார்ந்து நாஷ்டா தின்றுகொண்டிருந்தார். என் வண்டி உள்ளே வருவதைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

“வா நைனா, அப்படியே அந்தாண்ட ஓரங்கட்டு. கட்டரைக் கூப்புடுறேன்.”

“வெட்டறதுக்குக் கொண்டுவரலைங்க. இது ஓடற வண்டி.”

அவர் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

“இத்தையா ஓட்டினு கீறே? எங்கிட்ட சாவ வர்ற வண்டிங்கோ இத்தவிட ஜோராக் கீது நைனா. உட்டுட்டு பஸ்ஸுல போ, புண்ணியமாப் போவும்.”

என் அதிர்ஷ்டம், அதே மாடல் கிடந்தது. முன்பக்கம் நசுங்கி, சக்கரமில்லாமல் செங்கல்மேல் நின்றது. பின்கண்ணாடியில் ‘கடவுளை மற, மனிதனை நினை’ என்ற வாசகம் பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

“கறுப்புச் சட்டைக்காரரு வண்டி. எலுமிச்சம்பழம் கூட ஏத்தாத வண்டி” என்றார் யார்டுக்காரர்.

அவரிடம் ஸ்குரூ டிரைவர் வாங்கி, வீடியோக்காரரை மனதில் தியானித்துக்கொண்டு அந்தப் பட்டன் போர்டைக் கழற்றினேன். கண்ணாடிபோல் இருந்தது. ஒவ்வொரு பட்டனும் அழுத்தினால் போய், விட்டால் வந்தது. அதை என் காரில் மாட்டினேன். பச்சை எண் வந்தது. கீழ் அம்பை அழுத்தினேன். இருபத்துமூன்று, இருபத்திரண்டு என்று அது சொன்னபேச்சுக் கேட்டு இறங்கியதைப் பார்த்தபோது, மாமனாரின் காலை அமுக்கியபோது வராத தண்ணீர் என் கண்ணில் வந்தது. நான் எப்போதும் தப்பான இடத்தில்தான் உருகுவேன்.

கழற்றிய என் போர்டை அங்கேயே போட்டுவிட்டு வந்திருக்கலாம். எனக்கு ஆசை அடங்கவில்லை. முதுகுத் திருகுகளைக் கழற்றி இரண்டாகப் பிளந்தேன். உள்ளே, பட்டன்களுக்கு அடியில், மஞ்சளாக ஏதோ இறுகிக் கிடந்தது. சுவரில் அடித்த சுண்ணாம்புபோல அடுக்கு அடுக்காக. மேல் அம்புக்கு அடியில் கல்லாகவே ஆகி, அதை அழுத்தின நிலையிலேயே பிடித்துவைத்திருந்தது. ஏ.சி. பட்டன் இருந்த ஓட்டைக்கு அடியில் தடிமனான பூச்சாகப் பரவி, செம்புத் தகடுகள் ஒன்றையொன்று தொடாமல் தடுத்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். பொடிந்து உதிர்ந்தது.

யார்டுக்காரர் மூக்கை உறிஞ்சினார்.

“இன்னா நைனா, திடீர்னு கோயில் வாசனை வருது?”

சந்தனமும் பச்சைக் கற்பூரமும். எங்கள் ஊரில் அந்தப் பதத்தில் அரைக்கிற கை ஒன்றுதான் இருக்கிறது. ஆயுத பூஜை, வருஷப் பிறப்பு, கிரகணம், துக்கம், புகை பரிசோதனை, எல்லாம் அங்கே வரிசையாகப் படிந்து கிடந்தன. தன்னைத் தானே வேகவைக்க அவர் வருஷக்கணக்காக ஈரச் சந்தனத்தை விரலால் அழுத்தி அழுத்தி உள்ளே அனுப்பியிருக்கிறார். நான் அந்த யார்டில், செத்த கார்களுக்கு நடுவே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்து முடித்ததும் பொடியையும் சில்லுகளையும் ஒரு காகிதத்தில் கவனமாக மடித்துப் பையில் வைத்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் வாங்கிய வசவுக்கெல்லாம் ஒரே பதில் என் சட்டைப்பையில் இருந்தது. கும்மிடிப்பூண்டியிலிருந்து வீடு வரும்வரை, எப்படிச் சொல்வது, எந்த இடத்தில் நிறுத்துவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். ஏ.சி. சுகமாக இருந்தது.

மறுநாள் டயாலிசிஸ். வாசலில் காரை ஓடவிட்டுக் குளிரவைத்திருந்தேன். மாமனார் வெளியே வந்தார். ஊசி குத்தாத கையில் சந்தனக் கிண்ணம்.

“புதுசா உறுப்பு மாத்தியிருக்கேள்னு இவ சொன்னா. வெறுமே விடப்படாது” என்று முன்கதவைத் திறந்து குனிந்தார். மோதிர விரலில் சந்தனம் எடுத்தாகிவிட்டது. விரல் மேல் அம்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

தனியாகக் கூப்பிட்டு, பதமாக, ‘மாமா, பட்டனுக்கு மட்டும் வேண்டாம், ஸ்டியரிங்கில் வையுங்கள்’ என்று சொல்ல வழி இருந்தது. மனைவி வாசலில் நின்றாள். பூக்காரம்மா முழம் போட்டுக்கொண்டிருந்தாள். சபை கூடிவிட்ட பிறகு எனக்குப் பதமாகப் பேசத் தெரியாது.

“நிறுத்துங்கோ மாமா. இத்தனை நாள் உங்களை வேகவெச்சது யார் தெரியுமா?” என்று காகிதத்தை அவர் முகத்துக்கு நேரே பிரித்தேன். “நீங்கதான். பட்டனுக்குள்ளே அத்தனையும் உங்க சந்தனம். பெருமாளுக்குச் சாத்தினேள், அவர் குளிர்ந்தார். காருக்குச் சாத்தினேள், அது கொதிச்சுது. இப்போ உங்களைக் குளிரப் பண்றது யாருன்னு கேளுங்கோ. ஒரு கறுப்புச் சட்டைக்காரர் வண்டி போர்டு!”

“ஐயே, ஐயிரு தனக்குத்தானே அடுப்பு மூட்டிக்கினாரா?” என்று பூக்காரம்மா பூக்கூடையே ஆட விழுந்து விழுந்து சிரித்தாள். என் மனைவியும் சிரித்தாள். பிறகு அவள் மட்டும் நிறுத்தினாள்.

மாமனாரும் சிரித்தார். என்னைவிடச் சத்தமாகவே சிரித்தார். காகிதத்திலிருந்து ஒரு சில்லை எடுத்து முகர்ந்தார்.

“இது கோயில் கட்டை. நான் அங்கே இருந்தப்போ கொண்டுவந்தது. இந்த வாசனை இப்போ கடையிலே வாங்கற கட்டைக்கு வரதில்லை” என்றார்.

அதற்குப் பிறகு அவர் விரலில் ஈரச் சந்தனம் மட்டும் மிச்சம் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் காரைப் பார்த்தார், கதவு நிலையைப் பார்த்தார், கடைசியில் தோளில் இருந்த துண்டில் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.

அன்றைக்குப் போல் சுகமான பயணம் அந்தக் காரில் நடந்ததில்லை. ஃபிளாஸ்கில் ஐஸ் கரையவில்லை. பந்தலுக்கு எதிரே அந்தத் தொண்டர் எங்கள் காரை அடையாளம் கண்டு டம்ளரோடு ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார். உள்ளே சத்தமே கேட்கவில்லை. மாமனார் அவரையும் டம்ளரையும் பார்த்தபடியே கடந்து போனார். ஆவடிவரை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. நான் இரண்டு மூன்று முறை தூண்டில் போட்டுப் பார்த்தேன், ‘என்ன மாமா, ஜில்லுன்னு இருக்கா? சன்னிதி மாதிரி இருக்கா?’ என்று. ‘ம்’ என்றார்.

நாலு மணி நேரம் ரத்தத்தை வெளியே எடுத்துச் சுற்றவிட்டு உள்ளே அனுப்பினால் உடம்பு குளிர்ந்துபோய்விடும். திரும்பி வரும்போது வெளியே தார் உருகுகிற வெயில், உள்ளே அவர் துண்டைப் போர்த்திக்கொண்டு பல் கிட்டிக்க உட்கார்ந்திருந்தார்.

“முன்னே திரும்பி வரச்சே இந்த வண்டி இதமா இருக்கும்” என்றார்.

“இதமாவா? இத்தனை நாள் சூடு சூடுன்னு என்னை வறுத்தேளே மாமா! போறச்சே சரி, வரச்சே இதமா இருக்குன்னு ஒரு தரம் சொல்லியிருக்கப்படாதா?”

“சொன்னா நீங்க சந்தோஷப்படுவேளே.”

நான் மேல் அம்பை அழுத்தினேன். எண் ஏறியது, விரலை எடுத்ததும் நின்றது.

அதன் பிறகு அவர் அரைப்பதில்லை. கல்லைக் கவிழ்த்து மேடைக்கு அடியில் தள்ளிவிட்டார். நான் டிவி ரிமோட்டையும் பிளந்து சுத்தம் செய்தேன், சத்தம் இறங்கியது. வீடே கொஞ்சம் சத்தம் குறைந்துதான் போயிருந்தது.

ஆயுத பூஜையன்று காருக்கு என் மனைவிதான் மாலை போட்டாள், கண்ணாடியில் கடைச் சந்தனம் ஒரு பொட்டு வைத்தாள், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து வேறு யாரோ வீட்டுப் பூஜையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது பொறுக்கவில்லை. பொறுக்காவிட்டால் எனக்கு வாய்தானே முன்னால் போகும்?

“மாமா, காருக்கு வேண்டாம் சரி. நானும் இந்தாத்துலே ஓடற மிஷின்தானே, எனக்காவது வெச்சுவிடுங்கோ” என்று அவர் முன்னால் போய்க் குனிந்து நெற்றியை நீட்டினேன்.

அவர் எழுந்து உள்ளே போனார். கல்லைப் புரட்டிப்போடும் சத்தம் கேட்டது, பிறகு வெகுநேரம் கட்டை உரசும் சத்தம். மாலை கொடுக்க வந்த பூக்காரம்மா போகாமல் நின்றாள். நான் குனிந்தபடியே நின்றதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. வந்தபோது அவர் விரல் நுனியில் அல்ல, உள்ளங்கை நிறையச் சந்தனம் இருந்தது.

நெற்றியைத் தாண்டிக் கை கீழே வந்தது. கட்டைவிரலால் என் இரண்டு உதட்டையும் சேர்த்து மூடி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, கனமாக, ஓர் இடம் விடாமல் அழுத்திப் பூசினார். அந்த விரலில் எவ்வளவு பலம் மிச்சம் இருந்தது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

“ஊருக்கெல்லாம் மூடி பண்றேள். உங்களுக்கு ஒண்ணு பண்ணிக்கத் தோணலையே மாப்பிள்ளை. இந்தப் பட்டன்தான் இந்தாத்துலே ஏறறது, இறங்கறதே இல்லை. காயறவரைக்கும் திறக்காதேள். ரெண்டு மூணு வருஷம் விடாமப் பூசினா இதுவும் அடைச்சுக்கும்.”

பூக்காரம்மா போன தடவையைவிட அதிகமாகச் சிரித்தாள். இந்த முறை என் மனைவி நிறுத்தவே இல்லை. மாமனார் மீதிச் சந்தனத்தோடு காரின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பதில் ஒன்று நல்லதாகவே தயாராக இருந்தது. உதட்டைப் பிரித்தால் சந்தனம் உள்ளே போகும். கொஞ்சம் போகவும் போயிற்று, நல்ல கசப்பு.

எல்லாரும் சுண்டல் சாப்பிட்டார்கள்.